ஆழத் தண்ணியில நின்னுபோன ஃபோர் வீல் டிரைவ் வண்டி: கரையேத்தினதுலேர்ந்து ரெண்டாவது செக்கப் வரைக்கும்

பின்னணி

வண்டி ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ். 2.2 லிட்டர் டர்போ இன்ஜின், மேனுவல் கியர், பின்னாடி முழு ஆக்ஸில், முன்னாடி தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்நார்க்கெல் (இன்ஜினுக்கு காத்த கூரை உயரத்துலேர்ந்து இழுக்குற குழாய்) போடல, கம்பெனியிலேர்ந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே தான். வண்டிக்காரர் புதுசு கிடையாது, பல வருஷமா காட்டுப் பாதையில ஓட்டுறவர், சர்வீஸும் தேதி தவறாம பண்றவர். அன்னைக்கு ரெண்டு வண்டி சேர்ந்து போனோம், நான் பின்னாடி வந்த வண்டியில இருந்தேன், அப்புறம் பட்டறையிலயும் கூடவே இருந்ததால முழுசா எழுத முடியுது.

இத எழுத ஒரே காரணம் தான். தண்ணிக்குள்ள போன வண்டின்னா எல்லாரோட கவனமும் இன்ஜின் மேலயே இருக்கு, இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா வண்டி தப்பிச்சுடுச்சுன்னு நெனச்சுடுறாங்க. இந்த வண்டியில இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல, செலவு வெச்சதெல்லாம் வேற பார்ட்ஸ் தான்.

தண்ணிக்குள்ள நடந்தது

ஆத்தை கடக்குற இடம், தண்ணி மெதுவா தான் போச்சு, கலங்கல். முன்னாடியே ஒருத்தர் கம்பு வெச்சுக்கிட்டு நடந்து பாத்தாரு, தொடைக்கு கீழ தான் இருந்துச்சு. ஆனா அவரு நடந்தது ஒரே கோட்டுல, வண்டியோட வலது வீல் போற தடத்துல. இடது வீல் போற தடத்துல யாரும் கால் வைக்கல. வண்டி 4-லோ (நாலு வீலும் மெதுவா, அதிக இழுவையோட சுத்துற கியர்) போட்டு ரெண்டாவது கியர்ல சீரா போய்ட்டிருந்துச்சு, முன்னாடி ஒரு அலை உருவாகி அது கூடவே நகர்ந்துச்சு, அது வரைக்கும் சரி தான். நடு ஆத்துல இடது முன் வீல் ஒரு குழியில இறங்கிடுச்சு, வண்டி சாய்ஞ்சு நின்னுச்சு, நின்ன உடனே அந்த அலை திரும்பி பானட் மேல ஏறிடுச்சு. இன்ஜின் சத்தம் கனமாகி ரெண்டு மூணு செகண்ட்ல தானா அணைஞ்சுடுச்சு.

கம்பெனிங்க வண்டிக்கு வண்டி தண்ணி அளவு போட்டுருக்காங்க, ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800, புது டிஃபெண்டருக்கு 900னு. வண்டி நேரா நின்னு மெதுவா போறப்போ தான் அந்த அளவு சரியா வரும். ஒரு வீல் குழியில இறங்கி மூக்கு சாய்ஞ்சுட்டா, காத்து இழுக்குற வாய் எந்தப் பக்கம் இருக்குன்றது தான் கணக்கு. இந்த வண்டியில அது இடது பக்கம், ஹெட்லைட்டுக்கு பின்னாடி.

வண்டிய வெளிய இழுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முன் கொக்கி கலங்கல் தண்ணிக்கு அடியில, கண்ணுக்கு தெரியல, ஒருத்தர் முங்கி முங்கி கையால தடவி தான் இழுக்குற பெல்ட்ட மாட்டினாரு. அந்த நேரம் முழுக்க ரெண்டு ஆக்ஸிலும் தண்ணிக்குள்ள, உள்ள கார்பெட்டுக்கு மேலயும் தண்ணி. இந்த ஒரு மணி நேரத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வர்ற பிரச்சனையெல்லாம் இதுலேர்ந்து தான் வந்துச்சு.

கரையில எடுத்த முடிவு

கரைக்கு வந்ததும் கூட வந்த ஒருத்தர் சொன்னாரு, "மச்சி, ஒரே ஒரு தடவ செல்ஃப் அடிச்சு பாப்போம்டா." கூட்டத்துல பெரியவர் ஒருத்தர் விடல, "தம்பி, சாவிய எடுத்து என்கிட்ட குடு, ஏர் ஃபில்டர கழட்டி பாக்காம யாரும் உள்ள உக்காரக் கூடாது"ன்னாரு. என்னைப் பொறுத்தவரை வண்டிய காப்பாத்தினது அந்த ஒரு வார்த்தை தான்.

ஏன்னு சொல்றேன். நாலு சிலிண்டர் 2.2 லிட்டர்னா ஒரு சிலிண்டருக்கு 550 மில்லி. டீசல் இன்ஜின்ல கம்ப்ரஷன் ரேஷியோ (காத்து எத்தனை மடங்கு அமுங்குதுன்ற கணக்கு) 16 சொச்சம்னு வெச்சா, பிஸ்டன் மேல வந்து நிக்கிறப்போ மிச்சம் இருக்குற எடம் சுமாரா 35 மில்லி தான். காத்து அந்த எடத்துக்குள்ள அமுங்கும், தண்ணி அமுங்காது. அதுக்கு மேல தண்ணி உள்ள இருந்தா பிஸ்டன் பாதி வழியிலயே மோதி நின்னுடும், பின்னாடி வர்ற வேகத்துல பிஸ்டன கிராங்க்கோட சேர்க்குற கனெக்டிங் ராடு வளையும். செல்ஃப் மோட்டார் குடுக்குற வேகமே சில நேரம் அதுக்கு போதும். வளைஞ்ச ராடோட இன்ஜின் ஸ்டார்ட் கூட ஆகும், ஓடும், கொஞ்ச நாள் கழிச்சு ரோட்டுல போறப்போ ஒடைஞ்சு பிளாக்க கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அதனால "ஸ்டார்ட் ஆயிடுச்சுல்ல"ன்றது ஒரு சாட்சியே கிடையாது.

ஏர் ஃபில்டர் பெட்டிய தொறந்தா அடியில தண்ணி, பேப்பர் ஃபில்டர் முழுசா ஊறி சுருங்கி கெடந்துச்சு. அப்ப ரெண்டு வாய்ப்பு இருந்துச்சு. ஒண்ணு, ஊறின பேப்பர் காத்த அடைச்சதால இன்ஜின் மூச்சு முட்டி அணைஞ்சிருக்கும். இன்னொண்ணு, தண்ணி ஃபில்டர தாண்டி உள்ள போயிருக்கும். எதுன்னு கரையில வெச்சு சொல்ல முடியாது, அதனால ஸ்டார்ட் பண்ணவே கூடாதுன்னு முடிவாச்சு.

அடுத்து பேட்டரியோட நெகட்டிவ் வயர கழட்டினாங்க. ஈரமான கப்ளர்ல (வயருங்க சேர்ற பிளக்) கரண்ட் ஓடிட்டே இருந்தா பின்னுங்க ரொம்ப சீக்கிரம் பச்சை புடிச்சு அரிச்சுப் போகும், கரண்ட் இல்லாம வெறும் ஈரமா இருந்தா அந்த வேகத்துல அரிக்காது. இத பல பேரு மறந்துடுறாங்க, ஹசார்ட் லைட்ட வேற போட்டு விட்டுடுறாங்க.

கட்டி இழுத்துட்டு போலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, அதுவும் வேணாம்னு ஆச்சு. நியூட்ரல்ல இழுத்தாலும் வீல் சுத்தினா கிரௌனும் (ஆக்ஸில் நடுவுல இருந்து வீலுக்கு பவர பிரிச்சு குடுக்குற கியர் பெட்டி) பேரிங்கும் சுத்தும், உள்ள ஆயிலா தண்ணியான்னு தெரியாம அவ்வளவு தூரம் சுத்த விடுறது சரியில்ல. லாரி வர்ற வரைக்கும் காத்திருந்து, ஏத்தி தான் அனுப்பினாங்க. காத்திருந்த நேரத்துல ஹேண்ட் பிரேக் போடல, வீலுக்கு கல்லு தான் வெச்சாங்க, ஏன்னா ஈரத்தோட ஹேண்ட் பிரேக் இழுத்து வெச்சா பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும்.

பட்டறை: முதல்ல இன்ஜின்

மெக்கானிக் நிதானமான ஆளு. முதல்ல இன்ஜின் ஆயில் ஸ்கேல எடுத்து பாத்தாரு, அளவு ஏறல, நிறமும் மாறல. ஆனாலும் நம்பல, ஏன்னா தண்ணி ஆயில விட கனம், சம்புக்கு (இன்ஜினுக்கு கீழ ஆயில் தேங்குற தொட்டி) அடியில போய் உக்காந்துடும், ஸ்கேல்ல தெரியாது. டிரெயின் நட்ட முழுசா கழட்டாம பாதி லூஸ் பண்ணி முதல்ல என்ன சொட்டுதுன்னு பாத்தாரு. ஆயில் தான் வந்துச்சு, தண்ணி இல்ல. இருந்தாலும் ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாச்சு.

அப்புறம் சிலிண்டர சூடாக்குற ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டினாரு. இது மெதுவா பண்ண வேண்டிய வேலை, பிளக் மெல்லிசு, உள்ள ஒடைஞ்சு மாட்டிக்கிட்டா ஹெட்ட எறக்குற அளவுக்கு போயிடும். முந்தின நாளே சுத்தி ஆயில் விட்டு ஊற வெச்சிருந்தாரு. கழட்டினதும் கிராங்க் புல்லி நட்டுல நீள ஹேண்டில் போட்டு கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தினாரு. ரெண்டு சுத்துன்னா நாலு சிலிண்டரும் ஒரு தடவ முழுசா வேலை செஞ்சு முடிச்சதா அர்த்தம். எங்கயும் முட்டல. அதுக்கப்புறம் தான் இன்ஜெக்டர் கப்ளர கழட்டி வெச்சுட்டு, பேட்டரிய மாட்டி, பிளக் ஓட்டைங்க தொறந்திருக்கிறப்பவே செல்ஃப் அடிச்சாரு. மூணாவது சிலிண்டர்லேர்ந்து மட்டும் லேசா பனி மாதிரி தெறிச்சுது, மத்ததெல்லாம் காஞ்ச காத்து. அப்ப தண்ணி உள்ள போகவே இல்லன்னு சொல்ல முடியாது, கொஞ்சமா போயிருக்கு.

அதனால கம்ப்ரஷன் கேஜ் போட்டு பாத்தாங்க. ராடு வளைஞ்சிருந்தா பிஸ்டன் மேல வரைக்கும் வராது, அந்த சிலிண்டர் மட்டும் கம்மியா காட்டும். நாலும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப பக்கத்துல இருந்துச்சு, மூணாவது தனியா எறங்கல. அங்க தான் எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஆனா மெக்கானிக் அதோட நிறுத்தல. டர்போலேர்ந்து வர்ற சூட்டுக் காத்த ஆற வெக்கிற இன்டர்கூலர கழட்டினாரு. அது வண்டியில கீழ இருக்குற பார்ட், டர்போ பைப்புக்குள்ள வந்த தண்ணி அங்க தான் போய் தேங்கும். கவுத்தா ஒரு டம்ளருக்கு மேல தண்ணி கொட்டுச்சு. சிலிண்டர சுத்தம் பண்ணிட்டோம்னு இத பாக்காம ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர மிதிச்சிருந்தா அந்த தண்ணி மொத்தமும் இன்ஜினுக்குள்ள போயிருக்கும், கரையில தப்பிச்சது பட்டறையில போயிருக்கும். பைப் எல்லாத்தையும் கழட்டி காத்து அடிச்சு காய வெச்சு, ஏர் ஃபில்டர் புதுசு போட்டாங்க.

டீசல் ஃபில்டர் அடியில இருக்குற டிரெயின தொறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு கொஞ்ச நேரம் வெச்சாங்க, தண்ணி இருந்தா அடியில தனியா கோடு கட்டும். கட்டல. அதனால டேங்க எறக்க வேணாம்னு முடிவு பண்ணாங்க, அது சரியான முடிவு தான்.

கிரௌன், கியர் பாக்ஸ், கிளட்ச்

இங்க தான் விஷயமே இருக்கு. பின் கிரௌனோட டிரெயின் நட்ட லூஸ் பண்ணதும் முதல்ல வெறும் தண்ணி ஓடுச்சு, அதுக்கப்புறம் வந்த ஆயில் சந்தனம் கரைச்ச மாதிரி இருந்துச்சு. முன் கிரௌன்ல அளவு கம்மி, ஆனா அங்கயும் அதே நெறம். கியர் பாக்ஸ் சுத்தம், பவர முன் பின் ஆக்ஸிலுக்கு பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் சுத்தம்.

ஒரே தண்ணியில நின்ன வண்டியில கியர் பாக்ஸ் தப்பிச்சு கிரௌன் ஏன் மாட்டுச்சு? பிரீதர் தான் காரணம், அதாவது உள்ள இருக்குற காத்து போய் வர்ற ஓட்டை. ஓடி வர்றப்போ கிரௌன் சூடா இருக்கும், உள்ள இருக்குற காத்தும் சூடு. குளிர்ந்த தண்ணியில எறங்கினதும் அந்த காத்து சுருங்கும், 90 டிகிரியிலேர்ந்து 25 டிகிரிக்கு வந்தா உள்ள அழுத்தம் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கொறையும். உள்ள அழுத்தம் கொறைஞ்சா வெளிய இருக்குறத இழுக்கும். பிரீதர் தண்ணிக்கு மேல இருந்தா காத்த இழுக்கும், தண்ணிக்குள்ள இருந்தா தண்ணிய இழுக்கும், பிரீதர் சேறு புடிச்சு அடைஞ்சிருந்தா ஆயில் சீல் வழியா இழுக்கும். சீலெல்லாம் உள்ள இருக்குற ஆயில் வெளிய வராம தடுக்கத் தான் முக்கியமா செஞ்சது, வெளியிலேர்ந்து வர்ற தண்ணிக்கு அந்த அளவு தாங்காது. இந்த வண்டியில கியர் பாக்ஸ் பிரீதர் குழாய் மேல இன்ஜின் பக்கம் வரைக்கும் போகுது. பின் கிரௌனோட பிரீதர் ஆக்ஸில் மேலயே ஒரு சின்ன மூடி, அவ்வளவு தான். முன் கிரௌனுக்கு குழாய் இருந்துச்சு, ஆனா எப்பவோ கழண்டு தொங்கிட்டிருந்திருக்கு, யாரும் கவனிக்கல.

நெறம் மாறின ஆயில் ஒரு நாள் கூட உள்ள இருக்கக் கூடாது. கிரௌன் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே அழுத்தமா சுத்துது, நடுவுல இருக்குற ஆயில் படலம் தான் அத காப்பாத்துது, தண்ணி கலந்தா அந்த படலம் ஒடையும், நிறுத்தி வெச்சா பேரிங் உருளையில துரு புள்ளி விழும். பட்டறையில ஒருத்தர் டீசல் ஊத்தி கழுவலாம்னாரு. மெக்கானிக் ஒத்துக்கல, டீசல் ஊத்தி சுத்தினா பேரிங்ல மிச்சம் இருக்குற வழவழப்பும் போயிடும்னு சொல்லி, அதே 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கிரௌன் ஆயில்ல சாதாரண வெலையில கெடைக்கிறத ஊத்தி, வண்டிய தூக்கி வெச்சு வீல கொஞ்ச நேரம் சுத்த விட்டு எறக்கினாரு. ரெண்டாவது தடவையும் வந்தது லேசா வெளுப்பா இருந்துச்சு, மறுபடி ஊத்தி எறக்கினாரு, அதுக்கப்புறம் தான் நல்ல ஆயில் ஊத்தினது. எனக்கும் இது தான் சரின்னு படுது, ஒரு தடவ மாத்திட்டு விட்டா ஆக்ஸில் குழாயோட ரெண்டு ஓரத்துலயும் தங்கியிருக்குற தண்ணி ஓட ஓட நடுவுக்கு வந்து புது ஆயிலையும் கெடுக்கும்.

இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியா இருந்து பாக்ஸுக்குள்ள தண்ணி போயிருந்தா கதை இன்னும் மோசம். கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்குற லைனிங்கோட பசை தண்ணியில உரிஞ்சு வரும், இன்ஜின் பவர ஆயில் வழியா கியருக்கு கடத்துற டார்க் கன்வர்ட்டருக்குள்ள பழைய ஆயில் தங்கிடுறதால ஒரு தடவ எறக்கினா போகாது.

கிளட்ச மூடியிருக்குற பெல் ஹவுசிங் அடியில இருக்குற ஓட்டை வழியா சேத்துத் தண்ணி எறங்குச்சு. வண்டி சில நாள் நிக்கப் போகுதுன்றதால கிளட்ச் பெடல கட்டை வெச்சு அமுக்கி வெச்சாங்க, இல்லன்னா கிளட்ச் தட்டு ஃபிளைவீலோட துருப்புடிச்சு ஒட்டிக்கும். இது பைசா செலவில்லாத வேலை, ஆனா வண்டிய பட்டறையில போட்டுட்டு வர்றப்போ இத கேக்கணும்னு யாருக்கும் தோணறதில்ல.

ஷாஃப்ட் ஜாயிண்ட் நிப்பிள்ல பழைய கிரீஸ் முழுசா வெளிய வந்து புது கிரீஸ் எட்டிப் பாக்குற வரைக்கும் அடிச்சாங்க. பின் டிரம்ம கழட்டினா உள்ள மண்ணு படிஞ்சிருந்துச்சு, கழுவலன்னா அந்த மண்ணு ஷூவையும் டிரம்மையும் சேர்த்து தின்னும்.

முன் வீல் பேரிங் பத்தி மட்டும் ஒரு பேச்சு வந்துச்சு. இந்த வண்டியில அது சீல் பண்ண யூனிட், தொறந்து கிரீஸ் வெக்கிற மாதிரி இல்ல, மாத்தினா முழுசா மாத்தணும். வீல ஆட்டி பாத்தாங்க, லூஸ் இல்ல, சுத்தினா சத்தமும் இல்ல. அதனால அப்படியே விட்டுட்டு, ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டினதும் மறுபடி கொண்டு வாங்கன்னு வண்டிக்காரர்கிட்ட சொன்னாங்க.

கரண்ட் சமாச்சாரம், உள்பக்கம்

இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேல இருந்ததால நனையல. நனைஞ்சது சீட்டுக்கு அடியில இருக்குற கப்ளருங்களும் கார்பெட்டுக்கு கீழ போற வயரிங்கும். ஏர்பேக் வயருங்க மஞ்ச கப்ளர்ல வரும், அத பேட்டரி கழட்டின உடனே தொடக் கூடாது, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜ வெச்சுட்டிருக்கும். அதுக்கு நேரம் விட்டு தான் தொட்டாங்க. ஒவ்வொரு கப்ளரா பிரிச்சு, நல்ல தண்ணியில சேற கழுவி, காத்து அடிச்சு, கான்டாக்ட் கிளீனர் போட்டு, காஞ்சதும் சிலிக்கான் கிரீஸ் வெச்சு மாட்டினாங்க. செல்ஃப் மோட்டாரையும் பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவையும் எறக்கி பிரிச்சு சுத்தம் பண்ணாங்க, டைனமோ பேரிங் மட்டும் பழசையே போட்டாங்க.

ரேடியேட்டர் கண்ணுங்கள்ல சேறு அடைச்சிருந்துச்சு, இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா கொறைஞ்ச அழுத்தத்துல தண்ணி விட்டு கழுவினாங்க. பிரஷர் வாஷ் அடிச்சா கண்ணு மடங்கும்.

சீட்டு, கார்பெட் எல்லாத்தையும் கழட்டி, தரையில இருக்குற ரப்பர் அடைப்ப எடுத்து தண்ணிய விட்டாங்க. கார்பெட்டுக்கு கீழ ஒட்டியிருக்குற ஃபோம் வாரக் கணக்குல ஈரத்த வெச்சுட்டிருக்கும், மேல தொட்டு பாத்தா காஞ்ச மாதிரி தான் இருக்கும்.

அதுக்கப்புறம்

இன்ஜின் முதல் தடவயே ஸ்டார்ட் ஆச்சு, கொஞ்ச நேரம் சைலன்ஸர்லேர்ந்து வெள்ளை ஆவி வந்து நின்னுடுச்சு. ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சுது, ஒரு வீல் சென்சார் கப்ளர மறுபடி சுத்தம் பண்ணதும் போயிடுச்சு. ஓட்டி பாத்தா எல்லாமே சரியா இருந்துச்சு.

வண்டி நல்லா ஓடினதால வண்டிக்காரர் 500 கிலோமீட்டர்ல வரல. வேலை இருந்துச்சு, குறையும் ஒண்ணும் தெரியல, அது எல்லாருக்கும் நடக்குறது தான். வந்தப்போ 2000 கிலோமீட்டர் தாண்டியிருந்துச்சு, வந்ததும் இடது முன் பக்கம் ஒரு முனகல் சத்தம்னு தான். வேகம் ஏற ஏற சத்தம் ஏறுது, வலது பக்கம் வளைக்கும்போது எடை இடது மேல விழுந்ததும் அதிகமாகுது, அப்ப இடது வீல் பேரிங் தான். குழியில எறங்கி ஒரு மணி நேரம் மத்த வீல விட ஆழத்துல நின்னது அதே வீல். கழட்டி பாத்தா கிரீஸ் வெளுத்து உருளையில துரு குழி விழுந்திருந்துச்சு. டைனமோவும் கத்த ஆரம்பிச்சிருந்துச்சு, அன்னைக்கு மாத்தாம விட்ட அதே பேரிங்.

பின் கிரௌன் ஆயில எறக்கி பாத்தா மறுபடி லேசா சாம்பல் நெறம். மூணு தடவ கழுவியும் எங்கயோ தண்ணி மிச்சம் இருந்திருக்கு. டிரெயின் நட்டு காந்தத்துல இரும்புத் தூள் வழக்கமா ஒட்டுற அளவு தான், துண்டு துண்டா எதுவும் இல்ல, அதனால கிரௌன பிரிக்காம ஆயில் மட்டும் மாத்தினாங்க. அதுக்கடுத்த தடவ எறக்கினப்போ ஆயில் சுத்தமா இருந்துச்சு. இன்ஜின் இன்னைக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடுது.

மறுபடி இப்படி ஆனா என்ன மாத்தணும்

முதல்ல பெல்ட். தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடியே முன் கொக்கியில பெல்ட்ட மாட்டி, இன்னொரு முனைய பானட் மேல கண்ணுக்கு தெரியுற மாதிரி கட்டி வெச்சுடணும். அன்னைக்கு இது இருந்திருந்தா அந்த ஒரு மணி நேரம் அஞ்சு பத்து நிமிஷமா கொறைஞ்சிருக்கும், பேரிங் தப்பிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. மாட்டுறது வண்டியோட இழுவைக் கொக்கியில தான் இருக்கணும், பின்னாடி டிரெய்லர் மாட்டுற பந்துல மாட்டி வேகமா இழுத்தா அது ஒடைஞ்சு பறக்கும், அதுல உயிர் போயிருக்கு.

ரெண்டாவது, நடந்து பாக்குறவர் ரெண்டு வீல் தடத்துலயும் நடக்கணும்.

மூணாவது பிரீதர். இந்த வண்டியில இப்ப ரெண்டு கிரௌனுக்கும் குழாய் நீட்டி இன்ஜின் பக்கம் மேல கொண்டு போய் கட்டியாச்சு. ஸ்நார்க்கெல் போடலாமான்னு வண்டிக்காரர் கேட்டாரு, பிரீதர் முடிஞ்சதுக்கப்புறம் போடுங்கன்னு தான் நானும் சொன்னேன். ஸ்நார்க்கெல் இன்ஜின மட்டும் காப்பாத்தும், அது இருக்குன்ற தைரியத்துல இன்னும் ஆழத்துல எறங்கினா கிரௌனும் பேரிங்கும் வயரிங்கும் தான் அடி வாங்கும். எறங்குறதுக்கு முன்னாடி வண்டிய கொஞ்ச நேரம் நிறுத்தி கிரௌன் சூடு ஆற விடுறதும் உதவும், அதுக்கு பொறுமைய தவிர எதுவும் வேணாம்.

நாலாவது, ரெண்டாவது செக்கப்ப பட்டறை வாய் வார்த்தையா சொல்லி விடாம தேதி போட்டு எழுதிக் குடுக்கணும், வண்டிக்காரரும் குறை தெரிஞ்சா தான் வருவேன்னு இருக்கக் கூடாது. அதுல முக்கியமா ஆழத்துல நின்ன பக்கத்து வீல் பேரிங், டைனமோ, ரெண்டு கிரௌன் ஆயில், இந்த மூணையும் சத்தம் இருந்தாலும் இல்லாட்டியும் பாக்கணும். டைனமோவ எறக்கி பிரிச்சதே பிரிச்சாங்க, அந்த பேரிங்க அப்பவே மாத்தியிருந்தா ரெண்டாவது தடவ எறக்குற கூலி மிச்சம்.

இதெல்லாம் ஆத்துத் தண்ணிக்கு. கடல் தண்ணியில நின்ன வண்டிக்கு இந்த வரிசைல போனா பத்தாது, பேட்டரிய கழட்டினதும் அன்னைக்கே அடிப்பக்கம், பிரேக், கப்ளர் எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவிட்டு தான் மத்த வேலைய ஆரம்பிக்கணும்.